பிளினியின் முறையீடும் முசிறி வாணிகமும்

பண்டைத் தமிழகத்தின் கடல் வாணிகம் பற்றி எழுதப் புகுவார் பெரும்பாலும் பிளினியின் கூற்றொன்றை முதற்கண் நிறுத்தியே தொடங்குவர். உரோமப் பேரரசின் செல்வத்தினின்றும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாத தொகையை இந்தியா ஈர்த்துக்கொள்கின்றது என்பதும், அதற்கு ஈடாக அது விடுக்கும் சரக்குகள் உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன என்பதும் அக்கூற்றின் பொருள். ‘இயற்கை வரலாறு’ என்னும் அவர்தம் பெருநூலின் ஆறாம் பகுதியில் இது வருகின்றது. பன்னிரண்டாம் பகுதியில் இந்தியா, சீனர் நாடு, அரேபியா ஆகிய மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் கொண்டு செல்வதாகக் கூறி, இன்பப் பொருள்களுக்கும் மகளிர்க்குமாக உரோமர் செலுத்தும் விலை இது என்று வருந்துகின்றார். நம் நூல்கள் இத்தொகைகளை அரசினர் கணக்கேட்டினின்றும் பெயர்த்தெழுதியவைபோல் வழங்கி வருகின்றன. முதல் தொகை சில நூல்களில் 5 கோடி என்றும் வேறு சிலவற்றில் ஐந்தரைக் கோடி என்றும் வருதலை மாணவர் பலர் பொருட்படுத்துவதும் இல்லை.

யாமும் அவ்வாறே செய்தோம். எம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் முசிறியைப் பற்றிய இயல் பிளினியின் 5 கோடியோடுதான் தொடங்கிற்று. வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளருள் முதியவர் ஒருவர், “இத்தொகையை அவர் எங்ஙனம் அறிந்தார்?” என்று மட்டும் வினவினார். யாம் விடை கூற இயலாது நின்றோம். அவர் மேலும் வற்புறுத்தாது அடுத்த இயலுக்குச் சென்றுவிட்டார்; பட்டமும் கிடைத்தது. ஆயினும் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை காலங்கடந்து அவர்க்கு யாம் இறுக்கும் விடை எனக் கொள்ளலாம்.

பிளினி வணிகர் அல்லர். சுங்க அலுவலரும் அல்லர். வடஇத்தாலியிலுள்ள கோமம் என்னும் ஊரிற் பிறந்து, செருமானிய எல்லையிற் படைப்பணி ஆற்றி, மாநிலங்களில் அரசுப் பொறுப்புகள் வகித்து, வெஸ்பாசியன் பேரரசருக்கு நெருங்கியவராய் வாழ்ந்தவர். தம் நூலைக் கி.பி. 77இல் அப்பேரரசரின் மகன் டைட்டஸுக்கு உரிமையாக்கினார். மிசேனம் துறையில் நின்ற கடற்படைக்குத் தலைவராக இருந்தபோது, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த காலத்து உயிர்நீத்தார். முன்னோர் வாழ்ந்த எளிய வாழ்வே உரோமின் வலிமை என்றும், அயல்நாட்டுப் பொருளும் அயல்நாட்டாரும் அவ்வலிமையைக் கரைக்கின்றனர் என்றும் உறுதியாக நம்பியவர். ஒரு சொல்லிற் கூறின், பழைமை பேணுநர். அவருடைய 5 கோடியை அப்பழைமை பேணும் மரபினுள் வைத்துக் காணுதல் வேண்டும்.

அம்மரபு நெடியது. கன்னே என்னுமிடத்தில் அனிபாலிடம் உரோமர் பெருந்தோல்வி எய்திய மறு ஆண்டாகிய கி.மு. 215இல், மகளிர் அரை அவுன்சுக்கு மேல் பொன் வைத்திருத்தலாகாது, பன்னிற ஆடை உடுத்தலாகாது, நகரத்தில் வண்டி ஊர்தலாகாது என ஒரு சட்டம் வகுத்தனர். போர் முடிந்தபின் கி.மு. 195இல் அதனை நீக்க முற்பட்டபோது, அவ்வாண்டின் கான்சலாகிய கேட்டோ எதிர்த்துப் பேசினார். அப்பேச்சென லிவி தரும் உரை லிவியே யாத்தது என்பது ஆய்வாளர் பலர் முடிபு. எனினும் மரபின் குரல் அதில் தெளிவாக ஒலிக்கின்றது. கிரேக்கத்தையும் ஆசியாவையும் நாம் வென்றோம் என்று மகிழ்கின்றோம், அந்நாடுகளின் செல்வமோ நம்மை வென்றுவிடும் என அஞ்சுகின்றேன் என்பது அதன் கருத்து. சட்டம் நீக்கப்பட்டது. இதே கேட்டோதான் கி.மு. 155இல் ஏதென்சிலிருந்து தூதராக வந்த கிரேக்க மெய்யியலாரை விரைந்து ஊருக்கு அனுப்பிவிடுமாறு செனட்டைத் தூண்டியவர். கிரேக்க மருத்துவர் உரோமரைக் கொல்லச் சூழ்ச்சி செய்கின்றனர் என்று தம் மகனுக்கு எழுதியவர். அக்கடிதச் செய்தி நமக்கு எவர் வழியே கிடைத்துள்ளது என வினவின், பிளினி வழியே என்க. தம் நூலின் இருபத்தொன்பதாம் பகுதியில் அதனைப் பாராட்டி எடுத்துரைத்து, அயல் மருத்துவரைத் தாமும் சாடுகின்றார்.

கி.பி. 22இல் இம்முறையீடு செனட்டின் முன் மீண்டும் வந்தது. உணவிலும் அணியிலும் மிகுசெலவு பெருகிற்று, சட்டம் இயற்றுக எனச் செனட்டினர் டைபீரியஸ் பேரரசரிடம் விட்டனர். அவர் விடுத்த கடிதத்தை டாசிட்டஸ் தம் ஆண்டு வரலாற்றில் தருகின்றார். பெரிய மாளிகைகள், அடிமைக் கூட்டங்கள், வெள்ளியும் பொன்னும், ஆணும் பெண்ணும் வேறுபாடின்றி உடுத்தும் ஆடைகள் என அடுக்கிச் சென்று, மணிக்கற்களின் பொருட்டு நம் பணம் அயலாரிடமும் பகைவரிடமும் போய்ச் சேர்கின்றதே என்று டைபீரியஸ் குறிப்பிடுகின்றார். ‘பகைவர்’ என்ற அச்சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருளிழப்பு ஈண்டு நாட்டுக் காவலைப் பற்றிய அச்சமாக மாறிவிடுகின்றது. கி.மு. 53இல் பார்த்தியரிடம் கிராசஸ் தம் படையோடு மாண்டதை உரோமர் மறந்தாரல்லர். அப்பகைவர் நாட்டைக் கடந்தும் சுற்றியும்தான் கீழ்த்திசைப் பண்டங்கள் மேற்கே வந்தன.

வியப்பு யாதெனின், இத்துணையும் கூறிய டைபீரியஸ் சட்டம் இயற்ற மறுத்துவிட்டார். சட்டத்தால் இது தீராது, நாணமே தீர்க்க வேண்டும் என்றார். இத்தாலி தன் உணவுக்கே கடல்கடந்த கூலத்தை நம்பி, புயலின் கையில் உயிரை வைத்து வாழ்கின்றது, அதனைப் பற்றிக் கவல்வாரில்லையே என்றும் வினவினார். முறையீட்டிலிருந்து உண்மையான பொருளியல் வினாவொன்றைப் பிரித்தெடுத்தமைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பிளினி அத்துணைத் தொலைவு செல்லவில்லை.

அயலார் குடியேற்றம் பற்றிய குரலும் இதனோடு பின்னிக் கிடந்தது. கி.பி. 48இல் காலியாவின் பெருங்குடி மக்களைச் செனட்டிற் சேர்க்கக் கிளாடியஸ் முன்வந்தபோது, தன் செனட்டுக்கு ஆள் தரமாட்டாத அளவுக்கு இத்தாலி மெலிந்துவிட்டதோ என்றும், முற்காலத்தில் உரோமை முற்றுகையிட்ட கூட்டத்தார் அல்லரோ இவர் என்றும் எதிர்ப்பாளர் கேட்டனர். உரோமின் பண்டை அரசருள்ளேயே அயல்நாட்டார் உண்டு, வென்ற மக்களை அயலாராகவே ஒதுக்கியமையால்தான் ஸ்பார்ட்டாவும் ஏதென்சும் அழிந்தன என்று கிளாடியஸ் விடையிறுத்தார். அவர் பேச்சின் ஒரு பகுதி பொறித்த வெண்கலப் பட்டயம் 1528இல் லியோன் நகரில் அகப்பட்டது. டாசிட்டஸ் எழுதிய வடிவத்தை அதனோடு ஒப்பிட்டுக் காண்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். பின்னர், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜூவனல், சிரியாவின் ஆறே உரோமின் ஆற்றிற் கலந்துவிட்டதென்று தம் அங்கதப் பாட்டில் ஒருவனைப் புலம்பவைத்து, அவனை நகரை விட்டே வெளியேற்றுகின்றார்.

இவற்றையெல்லாம் மனத்தகத்தே வைத்துப் பிளினியை மீண்டும் படிப்போம். மிளகைப் பற்றி அவர் எழுதுவது கணக்கர் எழுத்தன்று. பழத்தின் இனிமையும் இல்லை, தோற்றப் பொலிவும் இல்லை, காரம் ஒன்றே உள்ள இதனை முதன்முதல் உணவிற் சேர்க்கத் துணிந்தவன் எவனோ என்று வியக்கின்றார்; பொன்போலும் வெள்ளிபோலும் நிறுத்து வாங்குகின்றனரே என வெதும்புகின்றார். இருபத்துநான்காம் பகுதியில், ஏழைகள் நாள்தோறும் உண்ணும் கீரையிலேயே மருந்து இருக்க, ஒரு சிறு புண்ணுக்குச் செங்கடலிலிருந்து மருந்து வருவிக்கின்றனர் என்று இகழ்கின்றார். இந்தியக் கடலிற் செல்லும் கலங்கள் கொள்ளையரை அஞ்சி வில்லாளரை ஏற்றிச் செல்கின்றன எனவும் கூறுகின்றார். பணம் போகின்றது, ஒழுக்கம் போகின்றது, காவல் குன்றுகின்றது, அயலார் பெருகுகின்றனர் என்னும் நான்கும் அவர் உள்ளத்தில் ஒன்றே. 5 கோடி என்பது அவ்வுள்ளம் தன் முறையீட்டுக்கு இட்ட முத்திரை.

எண்ணையே எடுத்து ஆராயினும் இது விளங்கும். 5 கோடிக்கு வாங்கிய சரக்கு நூறு மடங்குக்கு விற்றதெனின் 500 கோடி செஸ்டர்ஸ் ஆகின்றது. பேரரசு முழுவதன் ஆண்டுச் செலவையே இக்கால ஆய்வாளர் பெரும்பாலோர் 100 கோடிக்கும் குறைவாகத்தான் மதிப்பிடுவர். படை, அலுவலர், கட்டடம் ஆகிய அனைத்துக்கும் அரசு செலவிட்டதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இந்தியச் சரக்கு மட்டும் விற்றதென்று கொள்ளுதல் எங்ஙனம்? பிளினியே தரும் விலைப்படி கருமிளகு ஓர் இராத்தல் 4 தெனாரி. அது பொன்விலை அன்று. அக்காலத்து லீஜியன் காலாள் ஒருவனது ஆண்டூதியம் 225 தெனாரி. ஏறத்தாழ ஒரு கிழமை ஊதியத்தில் ஓர் இராத்தல் வாங்கிவிடலாம். வடபிரித்தானிய எல்லையிலுள்ள விண்டோலாண்டாக் கோட்டையில் 1973 முதல் கண்டெடுக்கப்பட்டுவரும் மரப்பலகை ஏடுகளுள் ஒன்று, அங்கிருந்த படைஞர்தம் கணக்கில் மிளகுக்கு 2 தெனாரி எழுதி வைத்துள்ளது. குளிரும் மழையும் நிறைந்த அவ்வெல்லைப்புறத்தில் மலைநாட்டு மிளகைத் தன் கஞ்சியிற் கலந்து உண்டவன் பிளினி சாடிய இன்பவாழ்வினன் அல்லன். உரோமின் எல்லையைக் காத்து நின்றவன்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. போகின்ற பணத்தைக் கூறிய பிளினி, அப்பணத்தின் வழியே அரசு பெற்ற சுங்கத்தை அவ்விடத்திற் கூறவில்லை. அறியாமையால் அன்று. ஈழத்தைப் பற்றிய பகுதியில், செங்கடற் சுங்கத்தைக் கருவூலத்தாரிடம் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் அலைப்புண்டு அத்தீவினை அடைந்த வரலாற்றை அவரே விரித்துரைக்கின்றார். வெவ்வேறு அரசர் தலை பொறித்த உரோமக் காசுகள் யாவும் ஒரே நிறையுடையனவாக இருந்தமை கண்டு அந்நாட்டு வேந்தன் உரோமரின் நேர்மையை மதித்துத் தூதர் விடுத்தான் என்பதும் அதிலேயே உளது. அயல்நாட்டாரிடம் சென்ற காசு ஈண்டுப் பெருமையாகின்றது. சில ஏடுகள் தள்ளிச் சென்றால் அதுவே இழப்பாகின்றது. ஒரே ஆசிரியர், ஒரே பகுதி!

அச்சுங்கம் எத்துணை என்பதைக் காட்டும் சான்று நம் காலத்திலேயே கிடைத்தது. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகம் பெற்ற பாபிரஸ் தாள் ஒன்றினை அராவர், சைபஸ்டைன் என்னும் இருவர் 1985இல் வெளியிட்டனர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அத்தாள், முசிறிப் பயணத்துக்காகப் பெற்ற கடனைச் சுட்டுகின்றது. ‘எர்மப்பொல்லோன்’ என்னும் கலம் கொணர்ந்த சரக்கின் மதிப்பு அதன் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைக்கோடு முதலியன அதில் இடம்பெறுகின்றன. மதிப்பின் கூட்டுத்தொகை 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும் ஆகும்; உரோம நாணயத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் செஸ்டர்ஸ். நான்கில் ஒரு பங்கு சுங்கமாகக் கழிக்கப்பட்ட பின் எஞ்சிய சரக்கின் மதிப்பே இது என்பது ஆய்வாளர் பலர் கொள்ளும் பொருள். அங்ஙனமாயின் அவ்வொரு கலத்திலிருந்து அரசுக்குச் சேர்ந்தது 23 இலட்சம் செஸ்டர்ஸ். அப்பொழுது காலாள் ஒருவன் ஆண்டூதியம் 1,200 செஸ்டர்ஸாக உயர்ந்திருந்தது. ஆகவே முசிறியினின்று திரும்பிய ஒரே கலம் 1,900 வீரர்க்கு ஓராண்டு ஊதியம் அளித்தது. ஒரு லீஜியனில் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேற்பட்ட தொகை இது. அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 120 கலங்கள் மையஸ் ஓர்மஸ் துறையிலிருந்து இந்தியா நோக்கிச் சென்றதாக ஸ்டிராபோ எழுதியுள்ளார். அவையெல்லாம் எர்மப்பொல்லோன் போன்ற பெருங்கலங்கள் எனல் பொருந்தாது. பாதியளவு குறைத்துக் கொண்டாலும், அதற்கும் கீழே சென்றாலும், உரோமின் நாட்டுக் காவலில் நம் மிளகுக்கு இருந்த பங்கு சிறிதன்று. மிளகு நாட்டை மெலிவிக்கின்றது என்று பிளினி எழுதிய காலத்தில் அம்மிளகின் சுங்கமும் அவர் தலைமை பூண்ட கடற்படையின் ஊதியமும் ஒரே அரசின் கருவூலத்தைச் சார்ந்தே நின்றன.

பொருளீட்டிய அரசு குறை கூறியோரைத் தடுக்கவுமில்லை; அவர் சொற்படி நடக்கவுமில்லை. டொமிஷியன் உரோமின் நடுவே மிளகுக்கெனப் பண்டகசாலை எடுப்பித்தான்.

முறையீட்டை வரலாறாகக் கொண்டதால் நேர்ந்த பிழை வேறொன்றும் உண்டு. தென்னாட்டிற் கிடைத்த உரோமக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் மிகுதி; நீரோவுக்குப் பிற்பட்டவை அருகியே உள்ளன. இராபர்ட் சீவெல் 1904இல் எழுதிய கட்டுரையில், நீரோவின் மறைவுக்குப்பின் உரோமர் இன்பவாழ்வை வெறுத்து எளிமை பூண்டமையால் வாணிகம் தளர்ந்தது எனக் காரணம் காட்டினார். வெஸ்பாசியனின் எளிமை உரோமரைத் திருத்திற்று என டாசிட்டஸ் கூறுவதே அதற்கு ஊன்றுகோல். ஆனால் நீரோ கி.பி. 64இல் காசின் நிறையையும் மாற்றையும் குறைத்தான். தூய பழங்காசையே ஈண்டுள்ள வணிகர் விரும்பிக் கொண்டனர் என்பது பொருந்திய விளக்கம். எர்மப்பொல்லோன் நீரோவுக்கு முக்கால் நூற்றாண்டுக்கும் பின்னர் முசிறியினின்று திரும்பிய கலம் என்பதையும் மறத்தலாகாது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலையுருவம் உளியால் வெட்டப்பட்டிருக்கின்றது. அரசன் முகத்தை மதியாது பொன்னை மட்டும் மதித்தவர் கையில் அவை இருந்தன போலும்.

இனி நம் இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். உரோமரின் முறையீட்டைக் கணக்காகக் கொண்டதுபோலவே, நம் புலவரின் பாட்டையும் கணக்காகக் கொண்டுவிட்டோம். முசிறிக்கு யவனர் பொன்னொடு வந்து மிளகொடு திரும்புதலைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாட்டு எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. அது பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லிச் செலவழுங்கிய பாட்டு. அரும்பொருள் நிரம்பக் கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்பது அவன் முடிபு. பொன்னும் மிளகும் கைமாறும் முசிறியைப் புறநானூற்று 343ஆம் பாட்டிற் காட்டும் பரணர், ஒரு பெண்ணின் தந்தை அத்தகு செல்வத்தைப் பணிந்து கொடுப்பினும் தகுதியில்லார்க்கு மகளைக் கொடான் என்று கூறவே அதனை எடுத்தார். இரண்டு பாட்டிலும் முசிறியின் செல்வம் வேண்டாவென்று விலக்கப்படும் பொருளாக வருகின்றது. விலக்கப்படுவது பெரிதாக இருந்தாலன்றி விலக்குதற்குப் பெருமையில்லை. ஆகவே புலவர் அதனைப் பெருக்கிக் காட்டுவர். பிளினியும் இழந்ததைப் பெருக்கினார். இழப்புச் சிறிதாயின் முறையீட்டுக்கு இடமேது? பாட்டுக்கும் முறையீட்டுக்கும் வெளியே நின்று, வட்டியும் சுங்கமும் எழுதிய தாள் ஒன்றே வாணிகத்தைப் பற்றி ஆசையும் அச்சமும் இன்றிப் பேசுகின்றது. இதனாற் பாட்டின் மதிப்புக் குறைவதாக எவரும் கருதற்க. யவனர் பொன் கொணர்ந்தனர், மிளகு கொண்டனர் என்னும் செய்தியை அத்தாள் பொய்ப்பிக்கவில்லை. அளவுக்கு மட்டும் பாட்டைச் சான்றாக்குதல் கூடாது என்கின்றோம்.

உல்கு என்னும் சுங்கத்தை நம் நூல்கள் மறைத்தில. பட்டினப்பாலையில் புகார்த் துறையின் சுங்க அலுவலர் அயராது உல்கு கொள்ளுதலும், பண்டங்களுக்குப் புலிப் பொறி இடுதலும் விரிவாகப் பேசப்படுகின்றன. அரசன் பொருள்களுள் உல்கு பொருளை ஒன்றாக வைத்தெண்ணுகின்றது குறள் (756). பல்வேறு மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் புகாரில் கலந்து இனிது உறைந்தமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறையாகவன்றிச் சிறப்பாகவே பாடினார். முல்லைப்பாட்டில் யவனர் அரசன் பாசறையைக் காக்கின்றனர். நம்மவரும் அங்ஙனமே கடல் கடந்து உறைந்தனர் என்பதற்குச் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே, குசைர் அல்-காதிம் ஆகிய ஊர்களிற் கிடைத்த தமிழ்-பிராமிப் பொறிப்புடைய பானையோடுகள் சான்று. கொற்பூமான், கணன், சாதன் என்னும் பெயர்களை அவற்றிற் படித்துள்ளனர். அவர்களைப் பற்றி எகிப்தில் எவரேனும் முறையிட்டனரோ, யாம் அறியோம்.

ஆயினும் தமிழர் அயலாரை யாண்டும் வரவேற்றே வாழ்ந்தனர் என முடிபு கட்டுதலும் மற்றொரு பாட்டைக் கணக்காக்குவதேயாம். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடுஞ்சொற் பேசும் யவனரைப் பிணித்து, தலையில் நெய் பெய்து, கைகளைப் பின்கட்டி, அரிய அணிகலன்களையும் வயிரத்தையும் கைக்கொண்டதாகக் கூறுகின்றது. அவ்யவனர் வணிகரோ, கடற்கொள்ளையரோ, உல்கு கொடாது வன்சொல் வழங்கியவரோ என்பதனைப் பதிகம் விளக்கவில்லை. பதிகங்களின் காலமும் பாட்டுகளின் காலமும் ஒன்றல்ல என்னும் தடையும் உண்டு. அப்பகுதியைச் சேர மன்னரின் துறைமுகக் காவலோடு இயைத்துப் பிறிதொரு கட்டுரையில் ஆராய எண்ணியுள்ளோம்.